மஞ்சள் வைத்த கன்று

ஊர் பார்க்க நான் போகவில்லை. ஒரு வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதற்காகப் போனேன்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு எதிர்க் குவார்ட்டர்ஸில் இருந்தவள் ருக்மணி. எங்களைப் போலவே ஈரோட்டுப் பக்கம். என் வீட்டுக்காரர் காலமாகி, நான் துவாரகாவுக்கு மகள் வீட்டோடு வந்த பிறகும் அவள் என்னை விடவில்லை. அவள் மகள் வாணியை என் மகன் செந்திலுக்குக் கேட்டிருந்தோம். பையன் டென்மார்க்கில் மாட்டுப் பண்ணையில் மேனேஜர் என்று சொல்லியிருந்தேன். அவன் எனக்குச் சொன்னது அதுதான். பையனும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளட்டும் என்று பெரியவர்களே விட்டிருந்தோம். டெல்லியில் பிறந்த பிள்ளைகள், இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. நான் படித்தது ஐந்தாவது, அதுவும் தமிழில்.

ருக்மணிக்கு மனம் ஒப்பவில்லை. கண்காணாத தேசம், என்ன வேலையோ என்ன வீடோ என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் என்னிடமே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு மணி நேரம் இருந்தா ஒம்பது வார்த்தைதான் பேசுவீங்க. ஆனா அதுல பொய் இருக்காதுங்க. நீங்க ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்து சரின்னு சொல்லுங்க. அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இப்படி ஒரு பாரத்தை யாரும் என் தலையில் வைத்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாணக்யபுரியில் விசாவுக்கு நின்றதும் விமானத்தில் விழித்தபடி போனதும் எல்லோருக்கும் நடப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

செந்தில் ஒரு பழைய காரோடு வந்திருந்தான். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டேன். ஃபைல் தள்ளிய என் வீட்டுக்காரரின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கை அந்தக் கை இல்லை. ஏர் பிடித்த என் அப்பாவின் உள்ளங்கை போல் காய்த்துக் கிடந்தது. மேனேஜருக்கு எதற்கு இப்படிக் கை என்று நினைத்தேன்.

அந்த நாட்டில் மேடும் இல்லை, மலையும் இல்லை. பச்சைப் பாயை விரித்தாற்போல் ஒரே புல். மே மாதம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். இருட்டினால் படுக்கலாம் என்று காத்திருந்து காத்திருந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். டெல்லியில் அதே மே மாதத்தில் மகள் வீட்டில் கூலரில் தண்ணீர் ஊற்றி மாளாது. இங்கே நான் இரண்டு ஸ்வெட்டருக்குமேல் சால்வை போர்த்திக்கொண்டு இருந்தேன்.

பண்ணைக்குள் திரும்பும் இடத்தில் ரோட்டோரமாக ஒரு சின்ன மேசை இருந்தது. மேல் ஒரு தகரக் கூரை. அட்டைகளில் முட்டை அடுக்கி, பக்கத்தில் ஒரு டப்பா. ஆள் இல்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போவார்களாம். பண்ணைக்காரர் மனைவி கிர்ஸ்டன் வளர்க்கிற நாற்பது கோழிகளின் முட்டை அது. நம் ஊரில் முட்டையை விடு, மேசையே மறுநாள் இருக்காது என்றேன். செந்தில் சிரித்தான்.

மேசைக்குக் கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப் போட்ட பெரிய அண்டா மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக். என்ன அது என்று கேட்டேன். "குப்பைம்மா" என்றான்.

மறுநாள் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். கொட்டகை என்று சொல்லக் கூடாது, நம் ஊர்க் கல்யாண மண்டபம் இரண்டை நீளவாக்கில் ஒட்டினால் அந்த அளவு. இருநூறுக்குமேல் மாடுகள். எல்லாம் ஒரே சாதி, மான் நிறம், மை தீட்டினாற்போல் கண். ஜெர்சி என்றான். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் கேட்பதற்காம். சுவரில் உருளையாக ஒரு தூரிகை. மாடு போய் முதுகை வைத்தால் அது தானே சுற்றிச் சொறிந்துவிடுகிறது. முறை வைத்துக்கொண்டு நின்ற மாடுகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் குப்பைத் தொட்டி ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அரிசி கழுவிய தண்ணீரும் வெல்லமும் வைத்து நான் கும்பிட்ட மாடு, மற்ற ஆறு நாளும் அந்தத் தொட்டியில் பாலிதீன் பையைத்தான் தின்னும். இந்த மாடுகளைக் கும்பிட ஆள் இல்லை. வயிறு நிறையத் தின்கின்றன.

ஒவ்வொரு காதிலும் மஞ்சள் வில்லை, அதில் ஒரு எண். பெயர் கிடையாது. கன்றுகள் தாயோடு இல்லை. வெளியே வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குடிசைகள், குடிசைக்கு ஒரு கன்று.

பால் கறக்கும் நேரத்தில் ரப்பர் ஏப்ரன் மாட்டிக்கொண்டு மாடுகள் நிற்கும் மேடைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் செந்திலே இறங்கினான். அவன் தலைக்குமேல் மாட்டு மடிகள். ஒன்றொன்றாகத் துடைத்து மெஷினை மாட்டினான். ஒரு மாடு அவன் தோள்மேல் சாணி போட்டது. தண்ணீர்க் குழாயைத் திருப்பி தோளைக் கழுவிக்கொண்டு அடுத்த மடிக்குப் போனான்.

"மேனேஜர்னுதானே சொன்ன?" என்றேன்.

"இங்க மேனேஜரும் கறக்கணும்மா. டென்ஷன் ஆகாத."

பண்ணையில் மொத்தமே பண்ணைக்காரர், அவர் மனைவி, இவன். மூன்று பேர். இவன் யாருக்கு மேனேஜர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். உழைக்கிறான், திருடவில்லை. ருக்மணியிடம் அப்படியே சொல்லலாம், அதில் கேவலம் இல்லை.

மூன்றாம் நாள் அரிசி வாங்க நானே பக்கத்து டவுனுக்கு பஸ்ஸில் போனேன். இறங்கும் இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தான். டிரைவரிடம் காட்டினேன், அவரும் தலையாட்டினார். பெல்லை அமுக்கினால்தான் நிறுத்துவார்கள் என்பதை மகன் சொல்ல மறந்துவிட்டான். கேட்கவும் எனக்குக் கூச்சம். டவுன் வந்தது, போனது. கடைசி ஸ்டாப்பில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கறுப்பு ரொட்டியைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார். அப்போதுதான் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று முக்காட்டை இழுத்துக்கொண்டேன். ரொட்டியில் பாதியை நீட்டினார். புளித்துப்போன தவிட்டைத் தின்பதுபோல் இருந்தது. தின்றேன். திரும்பி வரும்போது அவரே டவுனில் நிறுத்தி, என் பையை இறக்கி வைத்தார். நம் டெல்லி டிடிசி பஸ்ஸில் கண்டக்டர் "ஜல்தி உதரோ", சீக்கிரம் இறங்கு என்று முதுகில் கை வைத்துத் தள்ளியதில் விழுந்த தழும்பு என் முட்டியில் இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர் வீட்டில் விருந்து. பகல் மாதிரி வெளிச்சத்திலும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். எனக்காக வேகவைத்த உருளைக்கிழங்கும் தயிரும் வெள்ளரிக்காயும் தனியாக வைத்திருந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. டெல்லியில் நான் வாய் திறக்காவிட்டால் அசடு என்பார்கள். அங்கே நான் பேசாமல் இருந்தது மரியாதையாகப் போய்விட்டது. உன் அம்மா நல்ல மாதிரி என்று பண்ணைக்காரர் செந்திலிடம் சொன்னாராம். மாடு சினைப்பட்டால் குறித்து வைப்பதிலிருந்து வண்டி ஓட்டுவதுவரை செந்தில் இல்லாமல் முடியாது என்றும் சொன்னாராம். மொழிபெயர்த்துச் சொல்லும்போது அவனுக்கு முகம் சிவந்தது. அன்றைக்கு ராத்திரி, ருக்மணியிடம் சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு மாடு கன்று போட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். தாய் நக்க நக்க, அது முன்னங்காலை ஊன்றி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. நெற்றியில் பெருவிரல் அளவு வெள்ளை. நான் அறைக்கு ஓடி, சமையலுக்கு வைத்திருந்த மஞ்சள்பொடியைத் தண்ணீரில் குழைத்து எடுத்து வந்தேன். எங்கள் பக்கத்தில் கன்று பிறந்தால் நெற்றியில் மஞ்சள் வைப்போம். நான் வைக்கக்கூடாது என்பார்கள். புருஷன் இல்லாதவள் கை. அந்த ஊரில் அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? வெள்ளைமேல் நன்றாக அப்பினேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியத்துக்கு என் கை முன்னால் போனது அன்றுதான்.

செந்தில் பார்த்துக்கொண்டே நின்றான். "எதுக்கும்மா இதெல்லாம்" என்றான்.

"காளையா, கிடேரியா?"

"காளை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் கிர்ஸ்டன் ஒரு வாளி நிறையச் சீம்பால் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சளாக, கெட்டியாக, கையில் ஒட்டுகிற மாதிரி. சீம்பால் கண்ணால் பார்த்து எத்தனை வருடம். டெல்லிப் பால்காரன் தரமாட்டான். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். நிறைய இருக்கிறதாம், எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்றான் செந்தில். அவள் பேச்சு இவ்வளவு சின்னதாக இல்லையே என்று தோன்றியது.

வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, வில்லை போட்டு ஒரு தட்டு அவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோனேன். கிர்ஸ்டன் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அம்மாவும் இதையேதான் செய்வாளாம், அடுப்பில் சுட்டு. அதற்கு அவர்கள் பாஷையில் கன்றுக்குட்டி நடனம் என்று பெயராம், தட்டை அசைத்தால் அது குலுங்குவதால். இவ்வளவு தூரம் தாண்டி வந்து ஒரே பண்டம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் இரண்டு வில்லை தின்றேன். செந்தில் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான். ராத்திரி முழுக்க அந்தத் தாய் மாடு கத்திக்கொண்டே இருந்தது. கன்றைப் பிரித்துக் குடிசையில் விட்டிருப்பார்கள், இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று புரண்டு படுத்தேன்.

ஞாயிறு காலையில் கிர்ஸ்டன் முட்டை அட்டைகளை என்னிடம் கொடுத்து, ரோட்டோர மேசையில் வைக்கும்படி சைகை காட்டினாள். எனக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று போனேன். அடுக்கிக்கொண்டிருக்கும்போது பண்ணைக்குள்ளிருந்து சின்ன டிராக்டர் வந்தது. அந்தச் சாம்பல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றது. செந்தில் இறங்கினான். தகரக் கூரை மறைத்ததால் அவன் என்னைப் பார்க்கவில்லை. அண்டாவைத் தூக்கிச் சாய்த்தான். டிராக்டரின் முன் தொட்டியிலிருந்து இரண்டு கையாலும் வாரி எடுத்து, கீழே வைத்தான். போடவில்லை, வைத்தான்.

நெற்றியில் நான் வைத்த மஞ்சள் இருந்தது.

முட்டை அட்டை கையைவிட்டு விழுந்தது. சத்தம் கேட்டு அவன் திரும்பினான். அம்மா என்றானா இல்லையா தெரியாது. நான் ரோட்டில் ஏறி நடக்க ஆரம்பித்துவிட்டேன். என் கைதான், என் கை பட்டதால்தான் என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது மனசில். பஸ் ஸ்டாப் வந்ததும் உட்கார்ந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லை, பை இல்லை, காலில் வீட்டுக்குள் போடும் செருப்பு.

பஸ் வரவில்லை. நாயோடு நடக்க வந்த ஒரு கிழவர் நின்று, பலகையில் எழுதியிருந்ததைக் காட்டி ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டுத் திரும்பி வரும்போதும் நான் அங்கேயே இருந்தேன். மறுபடி அதையே சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. பிறகு நாயைக் கட்டிவிட்டு, என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கறவை முடித்துவிட்டு செந்தில் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கிழவர் எழுந்து போனார்.

"சண்டே பஸ் கிடையாதும்மா" என்றான். அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

அவனே சொன்னான். இந்தச் சாதியில் காளைக்கன்று உடம்பு பிடிக்காது, வளர்த்தால் தீனிக்கும் கட்டாது, அதனால் பிறந்த அன்றே முடித்துவிடுவார்கள். அது அவன் வேலை. வந்த முதல் மாதத்திலிருந்து அவன்தான் செய்கிறான். வாரத்துக்கு ஒருநாள் லாரி வந்து அண்டாவுக்கு அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகும். கிர்ஸ்டன் நேற்றுச் சொன்னது, இந்தப் பாலைக் குடிக்கக் கன்று இருக்கப்போவதில்லை, முழுதும் உங்களுக்குத்தான் என்று.

"என் கை பட்டதாலயா?" என்று கேட்டேன். அவன் சொன்ன அத்தனைக்குப் பிறகும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"உன் கையாலதான் ஒருநாள் அதிகமா இருந்துச்சும்மா. நேத்தே செஞ்சிருக்கணும். நீ மஞ்சள் வெச்சிட்ட. காலைல துடைச்சிட்டுச் செய்யலாம்னு பாத்தேன். போகல."

பிறகு கோபமாகவே கேட்டான். "நம்ம பால்கார பையாவோட எருமைங்க போட்ட கடாக்கன்னு எல்லாம் எங்க போச்சு? நீ ஒருநாளாவது கேட்டியா?"

கேட்டதில்லை. பார்த்திருக்கிறேன். பால்காரர் கொட்டகைக்குத் தூக்கோடு போகும்போது, எருமையின் முன்னால் ஒரு கன்று நின்றுகொண்டே இருக்கும். ஈ மொய்த்தாலும் அசையாது. தோலுக்குள் வைக்கோல் அடைத்த கன்று. எருமை அதை நக்கிக்கொண்டே பாலை விடும். பட்டினி போட்டுத்தான் அது செத்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் அந்தப் பாலில் காபி போட்டேன். இவனுக்கும் அதைத்தான் ஆற்றிக் கொடுத்தேன். இங்கே ஒரு நொடியில் முடிக்கிறார்கள். அங்கே நாம் கையில் ரத்தம் படாமல் பார்த்துக்கொள்கிறோம். அவன் கேட்டது சரி என்பதாலேயே அவன்மேல் கோபம் இன்னும் ஏறியது.

திரும்பி நடந்தோம். அவன் என் செருப்பைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்தான்.

மீதி இருந்த நான்கு நாளில் பார்த்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. கடற்கரைக்குக் கூட்டிப் போனான், காற்று அடித்தது. சமைத்தேன், மேசையில் மூடி வைத்தேன், தலைவலி என்று அறைக்குள் போய்விட்டேன். தாய் மாடு மூன்றாம் நாள் கத்துவதை நிறுத்தியது. போய்ப் பார்த்தேன். தூரிகையில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது.

டெல்லி வந்த ஞாயிற்றுக்கிழமையே லக்ஷ்மிபாய் நகருக்குப் போனேன். துவாரகாவுக்கு அப்போது மெட்ரோ வரவில்லை, இரண்டு பஸ் மாறவேண்டும். அந்த இரண்டு பஸ்ஸிலும் வாக்கியத்தை உருட்டிக்கொண்டே போனேன். பொய் சொல்லமாட்டேன் என்றுதானே என்னை அனுப்பினாள். சொன்னால் சம்பந்தம் போய்விடும், மகனும் பேசமாட்டான். ஆனாலும் சொல்வது என்று போனேன்.

ருக்மணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹாலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். மேனேஜர் இல்லை, கூலி. சாணி அள்ளுகிறான், பால் கறக்கிறான், பிறந்த காளைக்கன்றைக் கொல்கிறான்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அச்சா. அங்கயே இருந்துக்கறதுக்குக் காகிதம் குடுத்துட்டாங்களாக்கா?"

கொடுத்துவிடுவார்கள் என்றேன்.

"அப்புறம் என்னங்க. டாக்டருக்குப் படிக்கறவன் தவளையை அறுக்கறதில்லையா. உக்காருங்க, சட்னி தாளிக்கறேன்."

இரண்டு தோசை தின்றேன். இவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்வந்திருக்கிறேன், அதை இறக்கி வைக்க அங்கே இடமே வேண்டியிருக்கவில்லை. வாணி என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், அவளும் என்னை மாதிரி அதிகம் பேசாதவள். இவளுக்காவது தெரியவேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"தெரியுங்க அத்தை" என்றாள். "மொத லெட்டர்லயே எழுதிட்டார். கன்னு விஷயமும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அடுப்படியில் தன் அம்மா பேசியதற்கு அவளுக்கு வெட்கம்போலும், புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சா அப்புறம் உங்க கையால அவருக்குச் சோறு போடமாட்டீங்கன்னு எழுதியிருந்தார். நான்தான், அப்படியெல்லாம் இருக்காது, சொல்லிடுங்கன்னு பதில் போட்டேன்." என் முகத்தைப் பார்த்தாள். "சோறு போட்டீங்கதானே அத்தை?"

மேசையில் மூடி வைத்த நான்கு நாள் பாத்திரங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கதவுக்கு அந்தப் பக்கம், அவனே திறந்து, அவனே போட்டுக்கொண்ட சத்தமும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் நம் ஊரில் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.